வாசகர் கேள்வி பதில்: ஜோன்ஸ்டவுன், நவம்பர் 18-க்கு முன்பு

கேள்வி: ஜோன்ஸ்டவுன் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஒரு ஆள் சொன்னதற்காக 900 பேர் விஷம் குடிப்பார்களா? மூளைச்சலவைதானே காரணம்?
– வாசகர், திருச்சி

பதில்: ஜோன்ஸ்டவுன் என்பது, ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதபோதகர் தன் ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ சபையினருக்காகத் தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டில் அமைத்த குடியிருப்பு. முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் இறந்தவர்கள் 918 பேர். ஜோன்ஸ்டவுனில் 909 பேர். அருகிலிருந்த போர்ட் கைடுமா விமான ஓடுதளத்தில் சுடப்பட்டு இறந்தவர்கள் 5 பேர், அதில் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன். தலைநகர் ஜார்ஜ்டவுனில் 4 பேர். ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர் சிறுமியர். சயனைடு கலந்த பானம் முதலில் போனது குழந்தைகளுக்கு, சிரிஞ்ச் வழியாக. சுற்றிலும் ஆயுதக் காவல். இத்தனையையும் ‘கூட்டுத் தற்கொலை’ என்ற தலைப்பில் அடைத்தால் கொலை கண்ணில் படாமல் போய்விடும். (கலக்கியது ‘கூல்-எய்ட்’ என்று இன்றும் எழுதுகிறார்கள், அது ‘ஃப்ளேவர் எய்ட்’ என்ற மலிவான குளிர்பானப் பொடி.)

அங்கே போனவர்கள் யார்? சுமார் 70 சதவீதம் கறுப்பின மக்கள். ஜிம் ஜோன்ஸின் ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்காரும் சபையாக ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவுக்கு மாறிய பிறகு முதியோர் இல்லம், போதை மீட்பு என்று வேலை செய்தது. இனவெறி இல்லாத ஊர் ஒன்று வேண்டும் என்றுதான் பலர் கப்பலும் விமானமும் ஏறினார்கள். 1977 கோடையில், பத்திரிகை ஒன்று டெம்பிளை அம்பலப்படுத்தப் போகிறது என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாகக் கயானாவுக்குக் கிளம்பினார்கள். ஆயிரம் பேருக்குச் சோறு போட அந்தக் காட்டு மண்ணால் முடியவில்லை. சாப்பாடு சுருங்கியது, வேலை நேரம் நீண்டது, பாஸ்போர்ட் நிர்வாகத்திடம் போனது, இரவில் ‘வெள்ளை இரவு’ என்ற பெயரில் சாவு ஒத்திகை நடந்தது. இவை ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சரிபார்க்கலாம். மூளைச்சலவையை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. அதோடு, நவம்பர் 18 காலையிலேயே 11 பேர் காட்டுவழியே நடந்து தப்பியதற்கு அந்த விளக்கத்தில் இடமே கிடையாது.

கடைசி நேர ஒலிநாடா எஃப்.பி.ஐ. எண் கியூ 042-ல் கிடைக்கிறது. அதில் கிறிஸ்டீன் மில்லர் என்ற கறுப்பினப் பெண் எழுந்து வாதாடுகிறார்: ரஷ்யாவுக்குப் போகலாமே, குழந்தைகள் வாழ வேண்டாமா? ஜோன்ஸ் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கத்தி மில்லரை உட்கார வைக்கிறது. கீழ்ப்படிதல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: முதுகலைச் சமூகவியல் படிக்கிறேன். ஒரு கம்யூனை (எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டு ஒன்றாக வாழும் குழுவை) ஆய்வு செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது? விலகி வந்தவர்கள் சொல்வதை நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: களத்துக்குப் போகும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் நான்கு கட்டம்: எப்போது எழுதப்பட்டது, எழுதியவர் அப்போது உள்ளே இருந்தாரா வெளியேவா, எப்படி வெளியேறினார், வழக்கோ புத்தக ஒப்பந்தமோ கையில் இருந்ததா. அன்றன்று எழுதிய நாட்குறிப்புக்கு, பத்து வருடம் கழித்துத் தந்த பேட்டியைவிட எடை அதிகம். ஜோன்ஸ்டவுனில் இறந்த ஈடித் ரோலர் எழுதிய நாட்குறிப்புகளை சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம், அங்கே பழகிக்கொள்ளுங்கள்.

விலகியவர்களில் மூன்று வகை உண்டு. சத்தமில்லாமல் போனவர்கள்தான் அதிகம்; பத்திரிகைக்கு அவர்கள் கிடைப்பதில்லை. குடும்பத்தால் இழுத்துவரப்பட்டு ‘மீட்கப்பட்டவர்கள்’ இன்னொரு வகை. மூன்றாவது, வெளியே வந்து போராடுகிறவர்கள். மூன்றாவது வகையை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு முடித்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஜோன்ஸ்டவுன் பற்றி முன்கூட்டி எச்சரித்தவர்களே அவர்கள்தான்.

பேட்டியில் குருவைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். மனப்பாடப் பதில்தான் வரும். எத்தனை மணிக்கு எழுவீர்கள், சமைப்பது யார், பணம் யார் கையில், டாக்டரிடம் போக யாரிடம் சொல்ல வேண்டும், பாஸ்போர்ட்டும் ஆதாரும் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று இந்தப் பதில்களில் தெரிந்துவிடும். சுற்றிக்காட்ட ஒருவரை அனுப்புவார்கள். அவரையும் பேட்டி எடுங்கள், ஆனால் அவர் தேர்ந்தெடுத்துத் தரும் ஆட்களோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இந்த மாதிரி இடத்துக்கு ஒருமுறை போனால் திரும்பி வரவே முடியாது என்கிறார்களே?
– வாசகர், கோவை

பதில்: லண்டனில் சமூகவியலாளர் எய்லீன் பார்க்கர், ‘மூனி’கள் எனப்பட்ட யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத இயக்கத்தை ஆராய்ந்தார். அதன் பயிற்சி முகாமுக்குப் போனவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முழுநேர உறுப்பினர் ஆகவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில வருடங்களில் கிளம்பிவிட்டார்கள்.

கேள்வி: இப்படிப் புரிந்துகொள்ளப் போய் இவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவராக ஆகிவிட மாட்டோமா?
– வாசகி, சென்னை

பதில்: ஆவார்கள், ஆகியிருக்கிறார்கள். 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுவை வீசிய ஓம் ஷின்ரிக்யோ என்ற ஜப்பானிய மதக்குழுவுக்காக, சில அமெரிக்க ஆய்வாளர்கள் ஓமின் செலவிலேயே ஜப்பான் போய், அந்தக் குழுவால் சாரின் தயாரித்திருக்க முடியாது என்கிற ரீதியில் பேசினார்கள். இந்தத் துறைக்கு அது இன்றுவரை தீராத தலைக்குனிவு. டிக்கெட்டும் தங்குமிடமும் உங்கள் கைக்காசில் இருக்கட்டும். அங்கே சாப்பிட்டால் அதை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து தெரிந்தால் ஆய்வை நிறுத்திவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.