யூடியூப் ஓடுகிறது, எங்கள் பாட வீடியோ மட்டும் சுற்றுகிறதே, ஏன்?

கேள்வி: போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறோம். சுமார் 300 மாணவர்கள். பாடங்களைக் கைபேசியில் 1080 அளவில் பதிவு செய்து, எங்கள் இணையதளத்திலேயே எம்பி4 கோப்பாக ஏற்றியிருக்கிறோம். லாகின் செய்தவர்கள் மட்டும் பார்க்க முடியும். ஒரு பாடம் 50 நிமிடம், கோப்பு 4.5 ஜிபி. சர்வர் நியூயார்க்கில் வாடகைக்கு எடுத்தது, 100 மெகாபிட் இணைப்பு. பகலில் ஓரளவு ஓடுகிறது. இரவு 8 மணிக்கு 40 பேர் வந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நாள் இணையதளமே திறப்பதில்லை. அதே போனில் யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. சிடிஎன் (கோப்பின் நகலைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து அனுப்பும் சேவை) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நோய் முதலில் கோப்பில் இருக்கிறது, அடுத்து சர்வரில் இருக்கிறது. அந்த இரண்டையும் சரிசெய்யாமல் சிடிஎன் போட்டால், அதே கனமான கோப்பைக் காசு கொடுத்து வேகமாக அனுப்புவீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். 4.5 ஜிபி என்றால் 36,000 மெகாபிட். 50 நிமிடத்துக்கு 3,000 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 12 மெகாபிட். உங்கள் 100 மெகாபிட் இணைப்பு 8 பேருக்குத்தான் போதும். ஒன்பதாவது மாணவர் நுழைந்ததும் எல்லோருடைய பங்கும் குறைகிறது. 40 பேர் வந்தால் தலைக்கு 2.5 மெகாபிட்தான் கிடைக்கும். 12 கேட்கும் வீடியோவுக்கு அது எந்த மூலைக்கு? மாணவர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்குப் பாடத்தின் 17வது நிமிடத்தில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அதற்குமேல் பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். எந்த சிடிஎன்னாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

யூடியூப் ஓடுவதற்குக் காரணம் இரண்டு. நீங்கள் ஏற்றும் ஒரு கோப்பை அவர்கள் பல அளவுகளில் மறுபடி குறுக்கி, ஒவ்வொருவருடைய வேகத்துக்கும் ஏற்றதைச் சிறு துண்டுகளாக அனுப்புகிறார்கள். கூடவே, அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகலை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே கூகுளின் கேஷ் சர்வர்களில் வைத்திருக்கிறார்கள். நெட்ஃப்ளிக்ஸும் ஓப்பன் கனெக்ட் என்ற பெயரில் இதையேதான் செய்கிறது. முதல் காரணத்தை நீங்கள் செலவே இல்லாமல் உங்கள் கணினியில் செய்துகொள்ளலாம். உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இணையதளமே திறக்காமல் போவது தனி நோய். லாகின் சரிபார்க்கச் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலே வீடியோ கோப்பையும் படித்துக் கொடுக்கிறது என்றே நினைக்கிறேன். அப்படியானால் பார்க்கும் ஒவ்வொருவரும் ஒரு பிஎச்பி வொர்க்கரை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் நிரல் பிரதியை, பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். இந்த வொர்க்கர்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மை நிறுவியதும் இருக்கும் அமைப்பில் அதிகபட்ச வொர்க்கர்கள் 5. ஐந்து பேர் மெதுவான இணைப்பில் வீடியோவை இழுத்துக்கொண்டிருந்தால், ஆறாவது ஆளுக்கு லாகின் பக்கம்கூட வராது. பிஎச்பியின் வேலை அனுமதி உண்டா என்று பார்ப்பதோடு முடிய வேண்டும். கோப்பை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் நேரடியாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற ஹெடர், அதாவது பதிலோடு போகும் குறிப்பு வரி, இதற்காகவே இருக்கிறது. இப்படி பிஎச்பி வழியாகக் கொடுக்கும் நிரல்கள் பலவும் ரேஞ்ச் கோரிக்கையை, அதாவது கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பதை, மதிப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். போனில் பதிவான எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, அதாவது மூவ் ஆட்டம், கடைசியில்தான் எழுதப்படும். ரேஞ்ச் வேலை செய்தால் பிரவுசர் கடைசிக்குத் தாவி அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் 4.5 ஜிபியும் இறங்கும் வரை முதல் காட்சியே வராது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்றும் கருவியில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்து, படத்தை மறுபடி குறுக்காமல் நகல் மட்டும் எடுத்தால் அட்டவணை முன்னுக்கு வந்துவிடும். கீழே சொல்லும் வேலைகளை முடிக்கும் வரைக்கும் உதவ, இதை இன்றே செய்து வையுங்கள்.

இனி கோப்பு. இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பாட வீடியோவின் எடை பதிவு அறையிலேயே தீர்மானமாகிறது. கரும்பலகைப் பாடம் என்பது குறுக்குவதற்கு மிகச் சுலபமான படம்: பின்னணி அசையாது, ஆசிரியர் மட்டும் அசைவார். ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் போன் கேமராவை ஆட்டோவில் விட்டால் இரண்டு கேடு சேரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 30 ஃபிரேமில், பொருந்தாத ஷட்டர் வேகத்தில் எடுத்தால் பலகையில் மெல்லிய பட்டைகள் ஊரும். வெளிச்சம் போதாவிட்டால் படம் முழுக்கப் புள்ளி இரைச்சல் வரும். கண்ணுக்கு இரண்டும் பெரிதாகத் தெரியாது. வீடியோவைக் குறுக்கும் என்கோடருக்கோ ஒவ்வொரு ஃபிரேமும் புதிய படமாகத் தெரியும், பிட்டுகளை அதில் கொட்டும். ப்ரோ மோடில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று பூட்டுங்கள். பலகைக்குத் தனியாக ஒரு விளக்கு போடுங்கள். டிரைபாட் கட்டாயம். மின்விசிறியின் நிழல் பலகையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் என்றால் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சாதாரண வீடியோவாக மாற்றும்போது நிறம் வெளிறிப்போகும்.

குறுக்கும்போது எச்.264 என்ற குறுக்கும் முறை போதும், 8 பிட், 420 நிற அமைப்பு. அதற்குப் பின் வந்த எச்இவிசி முறையில் கோப்பு இன்னும் சிறிதாக வரும், ஆனால் மாணவர் கையில் இருக்கும் பழைய போன்களையும் எல்லா பிரவுசர்களையும் நம்ப முடியாது. மூன்று படிகள், அதாவது மூன்று தரங்களில் நகல்கள், செய்யுங்கள்: 720 அளவுக்கு உச்சவரம்பு 900 கிலோபிட், 480-க்கு 450, 360-க்கு 250. எச்.264-க்கான எக்ஸ்264 என்கோடரில், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப்பை 25 வைத்து, மேக்ஸ்ரேட்டாக இந்த எண்களையும், பஃப்சைஸாக அவற்றின் இரு மடங்கையும் கொடுங்கள், ப்ரீசெட் ஸ்லோ. ஒலி ஏஏசி, மோனோ, 64 கிலோபிட். பேச்சுக்கு ஸ்டீரியோ வீண். சினிமாவுக்கு இந்த எண்கள் போதாது, அசையாத பலகைக்குப் போதும். ஆனால் 360-இல் சாக்பீஸ் எழுத்து படிக்க முடிகிறதா என்று ஒரு சாதாரணப் போன் திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படிக்க முடியாவிட்டால் 360-ஐத் தூக்கிவிட்டு, 480-ஐயே 15 ஃபிரேமில் 250 கிலோபிட்டுக்கு இன்னொரு படியாக வையுங்கள். பாடத்தில் அசைவு நறுக்கென்று இருப்பதைவிட எழுத்து தெளிவாக இருப்பதே முக்கியம்.

போன் பதிவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. சில நொடி 25, சில நொடி 23 என்று ஏறி இறங்கும். அதை அப்படியே துண்டாக்கினால் பாதிப் பாடத்துக்குமேல் உதடும் குரலும் விலகும். குறுக்கும்போதே 25-க்கு நிலைப்படுத்துங்கள்.

அடுத்து எச்எல்எஸ். வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்ப ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த முறை. இன்று ஐபோனில் சஃபாரி நேரடியாகவே ஓட்டும், மற்ற பிரவுசர்களுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற இலவச நிரல் உண்டு. ஒவ்வொரு படியையும் 6 விநாடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் பட்டியலை எம்3யூ8 கோப்பில் எழுதுவதுதான் விஷயம். பலரும் தவறுவது கீஃப்ரேமில், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாகவே சேமிக்கப்படும் ஃபிரேமில். எல்லாப் படிகளிலும் கீஃப்ரேம் ஒரே நொடியில் விழ வேண்டும். 25 ஃபிரேம் படிக்கு 50 ஃபிரேமுக்கு ஒன்று என்று வைத்தால் 2 விநாடிக்கு ஒரு கீஃப்ரேம். மூன்று கீஃப்ரேமுக்கு ஒருமுறை துண்டு வெட்டப்படும். 15 ஃபிரேம் படிக்கு அதுவே 30. காட்சி மாறும்போது தானாகக் கீஃப்ரேம் போடும் வசதியை அணைத்துவிடுங்கள்; சீன்கட் வரம்பை 0 ஆக்கினால் போதும். அணைக்காவிட்டால், ஆசிரியர் கேமராவை மறைத்துக் கடந்த இடத்தில் ஒரு படியில் கீஃப்ரேம் விழும், மற்றதில் விழாது. அங்கிருந்து எண்ணிக்கை தடம் மாறும், துண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சிக்னல் குறைந்து பிளேயர் கீழ்ப்படிக்கு இறங்கும்போது ஒரு சொல் விழுங்கப்படும் அல்லது இரண்டு முறை கேட்கும். இந்தப் புகார் வந்தால் நெட்டைச் சந்தேகிக்காதீர்கள், இங்கே பாருங்கள்.

டேட்டா தீர்ந்து 64 கிலோபிட்டில் இருப்பவருக்கும் ஒரு வழி செய்யலாம். ஒலியை மட்டும் 40 கிலோபிட்டில் தனிக் கோப்பாக்கினால் 50 நிமிடப் பாடம் 15 எம்பிதான். இதை எச்எல்எஸ் பட்டியலுக்குள் இன்னொரு படியாகச் சேர்க்காதீர்கள். வீடியோப் படிகள் இருக்கும்போது ஒலி மட்டும் உள்ள படியை எச்எல்எஸ்.ஜேஎஸ் ஒதுக்கிவிடும். ‘ஒலி மட்டும்’ என்று பக்கத்தில் தனிப் பொத்தான் வையுங்கள். நடப்பு நிகழ்வு, வரலாறு போன்ற பாடங்களுக்கு இது நன்றாகவே உதவும். பிளேயரிலும் ஒன்று: திரை அளவுக்குமேல் போகாதே என்ற கேப்லெவல்டுபிளேயர்சைஸ் அமைப்பை இயக்குங்கள். சிறிய கட்டத்தில் பார்ப்பவருக்கு 720 எதற்கு?

இப்போது மறுபடி கணக்கு. 40 பேரும் 720 பார்த்தாலும், வீடியோ 900, ஒலி 64, ஆக விநாடிக்கு 39 மெகாபிட்டுக்குள். உங்கள் பழைய 100 மெகாபிட் இணைப்பிலேயே அடங்கிவிடுகிறது. ஒரு பாடம் 480-இல் 200 எம்பிக்குள், 720-இல் 360 எம்பி வாக்கில். மாணவரின் ஒரு நாள் பேக்கில் நான்கு பாடம் ஓடும்.

மிச்சம் இருப்பது தூரம். தமிழ்நாட்டுப் போனிலிருந்து நியூயார்க் போய் வர 250 மில்லிசெகண்டு வாக்கில் ஆகும். மும்பைக்கு 50 என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் தரவைச் சிறு பாக்கெட்டுகளாக அனுப்பும் டிசிபி முறையின் பழைய சூத்திரப்படி, நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் முதல் வழியில் ஒரு இணைப்புக்கு 0.57 மெகாபிட்தான் தேறும், இரண்டாவதில் 2.8. சாயங்கால நெரிசலில் செல்போன் நெட்டில் பாக்கெட் தொலைவது சகஜம். அதனால் சர்வரைச் சென்னைக்கோ மும்பைக்கோ மாற்றுங்கள். மாற்றும் வரை, சர்வரின் லினக்ஸ் கெர்னல் 4.9 அல்லது அதற்கு மேல் இருந்தால், அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் நெரிசல் கட்டுப்பாட்டு முறையைக் கியூபிக்கிலிருந்து பிபிஆருக்கு மாற்றுங்கள்; ஒரு பாக்கெட் தொலைந்த உடனே வேகத்தை வெட்டும் பழக்கம் பிபிஆருக்கு இல்லை.

சிடிஎன் எப்போது? ஒரே நேரத்தில் 100 பேரைத் தாண்டும்போது, அல்லது மாணவர்கள் வெளிநாடுகளிலும் இருக்கும்போது. 300 பேர் மாதம் 20 பாடம், சராசரி 250 எம்பி என்றால் மாதம் 1.5 டிபி, இப்போதிருக்கும் கோப்புகளோடு போயிருந்தால் அதுவே 27 டிபி. விலையைப் பார்க்கும்போது இந்தியாவுக்கான ஜிபி விலையைத் தனியாகப் பாருங்கள். கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் சாதாரண முறையில் வீடியோ ஓட்டுவதை அவர்கள் விதிகள் ஏற்பதில்லை. அவர்களுடைய ஸ்ட்ரீம் சேவையோ ஆர்2 சேமிப்போ பயன்படுத்த வேண்டும்.

சிடிஎன் போட்டபின் நிறையப் பேர் பணத்தை இழப்பது டோக்கனில், அதாவது அனுமதிக் குறியீட்டில். மாணவருக்கு ஒரு டோக்கன் என்று துண்டு முகவரியின் வாலில் ஒட்டினால், சிடிஎன்னுக்கு 300 பேரும் 300 வேறு கோப்புகளைக் கேட்பதாகத் தெரியும். எதுவும் கேஷில் பொருந்தாது, எல்லாம் உங்கள் சர்வருக்கே திரும்பி வரும். துண்டுகளை ஏஇஎஸ்-128 என்ற மறையாக்கத்தில் பூட்டி, முகவரியை எல்லோருக்கும் ஒன்றாகவே வையுங்கள்; 16 பைட் சாவிக் கோப்பை மட்டும் லாகினுக்குப் பின்னால், உங்கள் சர்வரில் வையுங்கள். துண்டைக் கேஷ் சுமக்கும், அனுமதியை நீங்கள் பார்ப்பீர்கள். திரையைப் பதிவு செய்பவரை இது தடுக்காது. அதற்கு மாணவரின் பதிவெண்ணைப் படத்தின்மேல் மங்கலாக நகரவிடுவதே நடைமுறையில் உதவுகிறது.

வேறு டொமைனிலிருந்து துண்டுகள் வந்தால் கோர்ஸ் ஹெடரை, அதாவது வேறு டொமைனின் பக்கத்துக்கு அனுமதி தரும் குறிப்பை, மறக்காதீர்கள். ஐபோனில் ஓடி ஆண்ட்ராய்டில் கறுப்புத் திரை வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கேஷ் வேலை செய்கிறதா என்பதை பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தில் ஒரு துண்டைச் சொடுக்கி, எக்ஸ்-கேஷ் போன்ற ஹெடரில் ஹிட் என்று வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சோதனையை மையத்தின் ஃபைபரில் செய்யாதீர்கள். இரவு 8 மணிக்கு ஒரு சிம் ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள். துண்டின் முதல் பைட் வரவே தாமதம் என்றால் தூரமோ சர்வரோ காரணம். முதல் பைட் உடனே வந்து இறங்குவது இழுத்தால் இணைப்பின் வேகம் காரணம்.

துண்டுகளின் கேஷ் காலத்தை ஒரு வருடம், அதாவது 3,15,36,000 விநாடி என்றே வைக்கலாம். அப்படி வைத்தால் திருத்திய பாடத்தைப் பழைய பெயரில் ஏற்றவே கூடாது. கேஷில் பழைய துண்டும் புதிய துண்டும் கலந்து, சிலருக்கு நடுவிலே படம் உடையும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய ஃபோல்டர் பெயர் கொடுங்கள், பக்கத்தில் இணைப்பை மாற்றுங்கள், பழைய ஃபோல்டரை ஒரு நாள் கழித்து நீக்குங்கள். அதற்குள் பாதியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடித்திருப்பார்கள்.