பருத்திக் கொழுந்து விரல் விரலாகக் குறுகுகிறது, வைரஸா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கரிசலில் 50 நாள் பருத்தி. மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை இரவல் வாங்கி, நன்றாக அலசித்தான் பூச்சிமருந்து அடித்தேன். இப்போது கொழுந்தெல்லாம் குறுகிவிட்டது. வைரஸா? என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: வைரஸ் இல்லை ஐயா, மருந்தும் வேண்டாம். ஒரு கொழுந்திலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் வெளிறி, மடித்த விசிறிபோல நெருங்கி நிற்கும். நுனி வாலாக நீண்டிருக்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நன்றாகவே இருக்கும். தத்துப்பூச்சியாக இருந்தால் இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டு சிவக்கும். உங்களுடையது 2,4-டி பாதிப்பு. பருத்திக்கு டேங்கில் ஒட்டிய மிச்சமே போதும்.

2,4-டி எப்படிக் கெடுக்கிறது என்று சொல்கிறேன். செடியின் செல்லில் வளர்ச்சி மரபணுக்களை அடக்கிவைக்கும் காவல் புரதங்கள் உண்டு. அவற்றை அழிக்க வேண்டிய நேரத்தில், வெட்டப்போகும் புளியமரத்தில் எண் எழுதுவதுபோல, யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் செல் ஒட்டுகிறது. முதல் நொதி ஏடிபி என்ற செல்லின் எரிபொருளைச் செலவழித்து யுபிக்விட்டினைத் தயாராக்குகிறது, இரண்டாவது சுமக்கிறது, மூன்றாவதுதான் எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று ஆள் பார்க்கிறது. யுபிக்விட்டின் சங்கிலியாகச் சேர்ந்ததும் புரோட்டியசோம் என்ற, புரதம் அரைக்கும் இயந்திரம் அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிடும். மூன்றாவது நொதியையும் காவல் புரதத்தையும் பசைபோல இணைப்பது செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்ஸின். அந்த நொதியில் ஆக்ஸின் உட்காரும் அதே குழியில்தான் 2,4-டியும் உட்காருகிறது. ஆக்ஸினைச் செடி சீக்கிரம் செயலிழக்கச் செய்துவிடும்; 2,4-டியைப் பருத்தியால் அவ்வளவு விரைவாக முடியாது. காவல் புரதம் உருவாக உருவாக அழிகிறது, வளர்ச்சி தாறுமாறாகிறது. மக்காச்சோளம் 2,4-டியை விரைவில் வேறு பொருளாக மாற்றிவிடுவதால் தப்பிக்கிறது.

குறுகிய இலை இனி விரியாது. ஆனால் செல் புதிய காவல் புரதத்தைச் செய்துகொண்டேதான் இருக்கும். உள்ளே மருந்து குறையக் குறைய அடுத்த கொழுந்து சரியாக வரும். அதனால் அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். கெட்ட நுனியை 10 முதல் 15 செ.மீ. கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். மண்ணில் ஈரம் இருக்கையில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. காய் பிடிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும்.

யூரியாவையும் அந்த ஸ்பிரேயரில் அடித்துவிடாதீர்கள்! ஹோஸ், வாஷர், வடிகட்டி மூன்றிலும் மருந்து தங்கியிருக்கும், வெறும் தண்ணீருக்குப் போகாது. 10 லிட்டருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்து, நாசில் வழியாகக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். எஸ்டர் வகை 2,4-டி எண்ணெய்ப்பசை உள்ளது. அதற்குச் சோடாவுக்கு முன்னால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைக் கண்மாய், வாய்க்கால் பக்கம் கொட்ட வேண்டாம். இவ்வளவு செய்தும் பருத்திக்கு நான் அதை நம்பமாட்டேன். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்து, டேங்கில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிடுங்கள்.