சட்டம் கேளுங்கள்: வேட்புமனு நிராகரிக்கப்பட்டால்

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட என் தம்பி தாக்கல் செய்த வேட்புமனுவை, முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருவருடைய கையெழுத்து உண்மையானதல்ல என்று கூறித் தேர்தல் நடத்தும் அலுவலர் நிராகரித்துவிட்டார். வாக்குப்பதிவுக்கு முன்பே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து அந்த உத்தரவை ரத்து செய்ய முடியாதா?
- வாசகர், கரூர் மாவட்டம்.

பதில்: முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வழியை அடைத்த வழக்கு, உங்கள் பக்கத்து ஊரான நாமக்கல்லிலிருந்தே புறப்பட்டது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. முதல் பொதுத்தேர்தலில் அங்கே சட்டமன்றத்துக்குப் போட்டியிட முன்வந்த என்.பி.பொன்னுசாமியின் வேட்புமனு 1951 நவம்பர் 28 அன்று நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய ரிட் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் 1952 ஜனவரி 21 அன்று ஏற்க மறுத்தது. ‘தேர்தல்’ என்ற சொல் வாக்குப்பதிவை மட்டுமல்லாமல், அறிவிக்கை வெளியாவது முதல் முடிவு அறிவிக்கப்படுவது வரையிலான முழு நடைமுறையையும் குறிக்கும் என்றும், அரசியலமைப்பின் 329ஆம் பிரிவின்படி தேர்தல் முடிந்தபின் தேர்தல் வழக்கின் வழியாக மட்டுமே அதை எதிர்க்கலாம் என்றும் நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பு விளக்கியது.

ஒவ்வொரு நிராகரிப்பும் நீதிமன்றத்துக்குப் போனால் தேர்தல் குறித்த நாளில் நடக்காது என்ற கவலை நியாயமானதே. ஆனாலும் போட்டியிடும் வாய்ப்பையே தவறாக இழந்தவரிடம், தேர்தல் முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்வது எனக்கு இன்றுவரை மனவருத்தம் தரும் ஒன்றுதான். ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், இத்தகைய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடுகின்றன.

இருப்பினும் உங்கள் தம்பிக்குச் சாதகமான ஒன்று உண்டு. ஒருவருடைய மனுவைத் தவறாக ஏற்றுக்கொண்டார்கள் என்று வழக்காடுபவர், அதனால் தேர்தல் முடிவே பாதிக்கப்பட்டது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் தவறாக நிராகரித்தார்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்டாலே, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி வெற்றி பெற்றவரின் தேர்வு செல்லாததாகிவிடும். முறையாக மனுத் தாக்கல் செய்ததாகக் கூறும் எவரும் சட்டத்தின் பார்வையில் வேட்பாளரே என்பதால், முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாட்களுக்குள் அவரே உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம்.

எனினும் கையெழுத்து விவகாரத்தை எளிதாக எண்ண வேண்டாம். முக்கியமற்ற குறைகளுக்காக மனுவை நிராகரிக்கக் கூடாது என்று 36ஆம் பிரிவு சொன்னாலும், வேட்பாளர் அல்லது முன்மொழிந்தவரின் கையெழுத்து உண்மையானதல்ல என்பதை அதே பிரிவு தனிக் காரணமாகவே குறிப்பிடுகிறது. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டதும், முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தல்ல என்று மறுத்ததால்தான். ஆகவே அந்த முன்மொழிந்தவர், கையெழுத்து தம்முடையதே என்று நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொல்ல முன்வருவாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிராகரிப்புக்கான காரணத்தை அலுவலர் எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் நகலையும் உடனே கேட்டுப் பெறுங்கள். ஆட்சேபம் எழுந்தபோது, அதை மறுக்கத் தம்பி அவகாசம் கேட்டாரா என்பதும் வழக்கில் முக்கியமாகும்; பரிசீலனை நாளிலிருந்து இரண்டாம் நாள் வரை அவகாசம் அளிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இனி ஒருமுறை போட்டியிட்டால், ஒரே மனுவை நம்பியிருக்க வேண்டாம். ஒரு தொகுதியில் ஒருவர் நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பத்து வாக்காளர்களை முன்மொழியச் செய்து, பரிசீலனை நாளில் அவர்களை உடன் அழைத்துச் செல்லட்டும்.