ஐசிடி மெஷினில் கை வைக்கும் முன்: ஆபரேட்டர்கள் கேட்டதும் பதிலும்

அடியில் நூற்றுக்கணக்கான ஸ்பிரிங் பின்கள் நிற்கும் ஃபிக்ஸ்சர், அதன் மேல் போர்டு, மேலிருந்து அழுத்தும் பிரஸ். ஐசிடி (இன்-சர்க்யூட் டெஸ்ட்) என்பது இவ்வளவுதான்: பின்கள் போர்டைத் தொட்டு, அதில் உள்ள பாகங்களும் இணைப்புகளும் சரியா என்று மின்சாரத்தால் சோதிக்கும். அறுக்கிற பிளேடோ சுற்றுகிற சக்கரமோ இல்லாததால் ஆளுக்கு ஆள் அதைச் சாதுவான மெஷின் என்று நினைத்துவிடுகிறார்கள். லைனில் நிற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் கீழே.

கேள்வி: நான் ஐசிடி ஸ்டேஷனுக்குப் புதுசு அண்ணா. ஷிஃப்ட் ஆரம்பத்தில் கோல்டன் போர்டை (நல்லது என்று உறுதியான மாதிரி போர்டை) ஓட்டு, பாஸ் ஆனால் வேலையைத் தொடங்கு என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். அது போதுமா?

போதாது தம்பி. கோல்டன் போர்டு பாஸ் ஆனால் நல்ல போர்டை மெஷின் நல்லது என்று சொல்கிறது, அவ்வளவுதான். கெட்டதைக் கெட்டது என்று சொல்லுமா என்று பார்க்க, தெரிந்தே பழுது வைத்த போர்டு ஒன்றையும் ஓட்ட வேண்டும். உன் கை பத்திரமா என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி இல்லை. அதற்குத் தனியாக மூன்று நிமிடம் ஒதுக்கு.

முதலில் எமர்ஜென்சி ஸ்டாப். பிரஸ் அசைந்துகொண்டிருக்கும்போது அழுத்து, நிற்க வேண்டும். பிறகு திருகி விடுவி. விடுவித்த உடனே பிரஸ் தானாக அசைந்தால் அந்த மெஷினைத் தொடாதே. ரீசெட் கொடுத்து, அதன் பிறகு தனியாக ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓட வேண்டும்.

அடுத்து இரண்டு கை பட்டன்கள். இடது பட்டனை அழுத்திப் பிடி, ஒரு விநாடி கழித்து வலதை அழுத்து. பிரஸ் இறங்கக் கூடாது. இரண்டும் அரை விநாடிக்குள் சேர்ந்து அழுந்தினால் மட்டுமே இறங்க வேண்டும். யாராவது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இறங்கும்போது ஒரு கையை எடு. உடனே நிற்கவோ மேலே திரும்பவோ வேண்டும்.

லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை) இருந்தால் அதோடு வந்த டெஸ்ட் ராடை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும் நுழைத்துப் பார். கையை ஆட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. கை பெரியது, எந்தக் கர்ட்டனும் பிடித்துவிடும். விரல் அளவு ராடைப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: எங்கள் பிரஸ்ஸில் லைட் கர்ட்டனை இடம் போதவில்லை என்று ஃபிக்ஸ்சருக்கு 150 மி.மீ. பக்கத்தில் நகர்த்தி மாட்டியிருக்கிறார்கள். கர்ட்டன் வேலை செய்கிறது. பரவாயில்லையா சார்?

கர்ட்டன் வேலை செய்தாலும், கை உள்ளே போவதற்குள் பிரஸ் நிற்குமா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கருவியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 13855 தரத்தின் கணக்குப்படி கை விநாடிக்கு 2000 மி.மீ. வேகத்தில் வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். கர்ட்டன் உணர்வதிலிருந்து பிரஸ் முழுதாக நிற்பது வரை 0.15 விநாடி ஆகிறது என்றால், 14 மி.மீ. ரெசல்யூஷன் (பிடிக்கக்கூடிய மிகச் சிறிய பொருளின் அளவு) உள்ள கர்ட்டனுக்கு 2000 × 0.15 = 300 மி.மீ. தூரம் வேண்டும். 30 மி.மீ. ரெசல்யூஷன் என்றால் இன்னும் 128 மி.மீ. சேரும். 150-இல் வைத்தால் கை முதலில் போய்ச் சேரும், பிரஸ் பிறகுதான் நிற்கும். நிற்கும் நேரத்தை அளந்து பாருங்கள். காற்று வால்வு பழசாக ஆக அது கூடும்.

கேள்வி: போர்டு ஃபிக்ஸ்சரில் சிக்கிக்கொள்கிறது. எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்திவிட்டு கையை விட்டு எடுக்கலாமா?

கூடாது. ஸ்டாப் அழுத்தியதும் மெஷினில் சக்தியே இல்லை என்ற நினைப்புதான் விரல்களைக் காவு வாங்குகிறது. மேலிருந்து இறங்கும் பிரஸ் காற்றுப் போனதும் தொப்பென்று விழக் கூடாது என்பதற்காகவே பல வடிவமைப்புகளில் சிலிண்டருக்குள் காற்றைப் பூட்டிவைக்கும் வால்வு இருக்கும். ஸ்டாப் அழுத்தினாலும் அந்தக் காற்று உள்ளேயே நிற்கும். அடியில் அழுந்தியிருக்கும் பின்களின் ஸ்பிரிங் விசை வேறு. சிக்கிய போர்டு விடுபடும் நொடியில் இரண்டும் சேர்ந்து பிரஸ்ஸை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் மேனுவல் மோடில் பிரஸ்ஸை மேலே ஏற்றிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். பிரஸ் பாதியில் நின்றிருந்தால் இரும்புத் தாங்கு கட்டையை அடியில் கொடுங்கள், மரத்துண்டு வேண்டாம். பிறகு காற்று லைனின் ஷட்ஆஃப் வால்வை மூடி, அதற்கும் பூட்டு. சிலிண்டர் பக்கத்துக் காற்றை வெளியேற்றி, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் கை. சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு விஷயம். ஒரே ஃபிக்ஸ்சரில் போர்டு அடிக்கடி சிக்கினால் அதை ஆபரேட்டர் தலையில் கட்டாதீர்கள். பெரும்பாலும் டூலிங் பின் (போர்டை அதன் இடத்தில் நிறுத்தும் பின்) வளைந்திருக்கும், அல்லது அதன் முனையில் பிசிர் இருக்கும், இல்லாவிட்டால் போர்டின் ஓட்டைக்கு அது இறுக்கம். டூலிங் பின்னை மாற்ற ஆகும் நேரம், ஒருமுறை சிக்கிய போர்டை ஒழுங்காக எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

கேள்வி: கதவு இன்டர்லாக்கில் (கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் ஸ்விட்சில்) காந்தம் ஒட்டி ஓட்டுகிறார்கள். சொன்னால் அவுட்புட் வரவில்லை என்கிறார்கள். சூப்பர்வைசராக நான் என்ன செய்வது?

காந்தத்தை எடுங்கள், எடுத்த கையோடு அது ஏன் வந்தது என்றும் பாருங்கள். ஃபால்ஸ் ஃபெயில் அதிகமான மெஷினில்தான் காந்தம் முளைக்கும். நல்ல போர்டு ஃபெயில் ஆகிறது, ஆள் கதவைத் திறந்து போர்டை ஒரு அமுக்கு அமுக்கினால் பாஸ் ஆகிறது. ஒரு ஷிஃப்டில் ஐம்பது முறை இப்படிச் செய்தால் யாருக்கும் பொறுமை போகும். பின்களைச் சுத்தம் செய்து ஃபால்ஸ் ஃபெயிலைக் குறைக்காமல் வெறும் எச்சரிக்கைத் தாள் ஒட்டினால், அடுத்த வாரம் காந்தம் வேறு இடத்தில் இருக்கும். சாதாரண காந்த ஸ்விட்சுக்குப் பதில் கோடட் ஸ்விட்ச் (தன் ஜோடித் துண்டை மட்டுமே ஏற்கும் ஸ்விட்ச்) போட்டால், வெறும் காந்தத்துக்கு அது மசியாது.

கேள்வி: காலையில் நன்றாக ஓடும் ஃபிக்ஸ்சர் மதியம் திடீர் திடீரென்று ஓபன் (இணைப்பு இல்லை என்று) காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பின். புரோகிராமில் கோளாறா?

புரோகிராமைத் தொடும் முன் காற்று கேஜைப் பாருங்கள். கணக்கு இது. ஒரு பின் அதன் முழு ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அழுந்தும்போது சுமார் 200 கிராம் விசை கொடுக்கும் வகை என்று வையுங்கள். 800 பின் என்றால் 160 கிலோ எதிர்த்துத் தள்ளுகிறது. 63 மி.மீ. சிலிண்டர் 6 பாரில் ஏறத்தாழ 190 கிலோ தரும். மதியம் எல்லா மெஷினும் ஒரே லைனில் காற்றை இழுத்து அழுத்தம் 5 பாருக்கு இறங்கினால் அதே சிலிண்டர் 159 கிலோதான் தரும். உராய்வும் கொஞ்சம் தின்னும். பிரஸ் இறங்கினது போலவே தெரியும், ஆனால் ஓரத்தில் இருக்கும் பின்கள் போதுமான அளவு அழுந்தியிருக்காது. அதனால்தான் இடம் மாறி மாறி ஓபன்.

பிரஷர் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, 5.5 பாருக்குக் கீழே போனால் சோதனை தொடங்கவே கூடாது என்று செய்துவிடுங்கள். ரெகுலேட்டரை 7, 8 என்று ஏற்றிவிடுவது தீர்வல்ல. விசை கூடுவதோடு பிரஸ் வேகமும் கூடும், போர்டும் வளையும்.

கேள்வி: போர்டு வளைந்தால் என்ன? மேலே ஏறியதும் நேராகத்தானே ஆகிவிடுகிறது?

போர்டு நேராகும். அதில் இருக்கும் செராமிக் கெபாசிட்டர் ஆகாது. அது வளையாத பொருள். உள்ளே மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் விழும். வெளியே கண்ணுக்குத் தெரியாது. மோசம் என்னவென்றால் அப்போதைக்கு மதிப்பும் சரியாகவே இருக்கும், ஐசிடியும் பாஸ் கொடுக்கும். பிறகு விரிசலில் ஈரம் இறங்கி, உள் அடுக்குகள் ஷார்ட் ஆகும். பவர் லைனில் இருந்தால் போர்டு கருகும். பெரிய சைஸ் கெபாசிட்டர்கள், போர்டு ஓரத்திலோ ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்திலோ இருப்பவை, இவைதான் முதலில் போகும். பிஜிஏ ஐசியின் (அடியில் சோல்டர் பந்துகளால் ஒட்டும் ஐசி) மூலைப் பந்துகளும் இதே காரணத்தால் விரியும்.

தவிர்க்க, மேல் தட்டில் இருக்கும் புஷர் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்து விழுந்திருந்தாலும் அந்த இடத்தில் கீழிருந்து பின்கள் தள்ளும், மேலிருந்து தாங்க ஆள் இருக்காது. புதிய ஃபிக்ஸ்சர் வந்தால் பிஜிஏ மூலைகளில் ஸ்ட்ரெய்ன் கேஜ் (வளைவை அளக்கும் சென்சார்) ஒட்டி அளந்த பிறகே உற்பத்திக்கு விட வேண்டும்; ஐபிசி/ஜெடெக் 9704 அதற்கான முறையைச் சொல்கிறது. புஷர்களை மாற்றியமைத்தாலும் மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: ஃபெயில் ஆன போர்டை எத்தனை முறை ரீடெஸ்ட் செய்யலாம்?

ஒருமுறை. போர்டை வெளியே எடுத்து, அடிப்பக்கம் பார்த்து, மறுபடி வைத்து ஒரே ஒரு முறை. ஷார்ட் என்று ஃபெயில் ஆனால் அதுகூட வேண்டாம், நேராக ரிப்பேருக்கு. மெஷின் முதலில் 0.1, 0.2 வோல்ட் அளவில் பவர் இல்லாமல் ஷார்ட் தேடுகிறது. அது சுத்தமாக இருந்தால்தான் பவர் ஏற்றுகிறது. ஃபெயிலைத் தாண்டிப் போகும்படி யாராவது புரோகிராமை மாற்றி வைத்திருந்தால், ஷார்ட் ஆன போர்டுக்கு முழு கரன்ட் போகும். டான்டலம் கெபாசிட்டர் தலைகீழாக மாட்டியிருந்தால் அது தீப்பொறியோடு வெடிக்கும், அதுவும் உங்கள் முகத்துக்கு நேராக. மேல் மூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் அதற்குத்தான்.

கேள்வி: நாங்கள் சோதிப்பது பவர் சப்ளை போர்டு. ஃபங்ஷன் டெஸ்ட் முடிந்த போர்டு திரும்ப ஐசிடிக்கு வரும். எடுக்கும்போது ஷாக் அடிக்கிறது.

230 வோல்ட் ஏசி நேராக்கப்பட்டால் கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். 220 மைக்ரோஃபாரட் என்றால் 11 ஜூலுக்கு மேல் ஆற்றல்; விளையாட்டில்லை. கெபாசிட்டரை மெல்ல வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால் 60 வோல்ட்டுக்குக் கீழே வர ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். பிளீடரே ஓபன் ஆகியிருந்தால் மணிக்கணக்கில் நிற்கும்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பொறி பறக்கும், டிராக் உரியும். 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த இரண்டு புரோப்களோடு இணைத்து ஒரு டிஸ்சார்ஜ் கருவி செய்துகொள்ளுங்கள். ஐந்து விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரால் அளக்க வேண்டும். அளக்கும் முன்னும் பின்னும் தெரிந்த வோல்டேஜில் மீட்டரையே சோதியுங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அளப்பதும் நல்லது. பெரிய எலெக்ட்ரோலிட்டிக்கில் டிஸ்சார்ஜ் செய்த பிறகும் கொஞ்சம் வோல்டேஜ் திரும்ப எழும்.

சார்ஜோடு இருக்கும் போர்டை ஐசிடியில் வைத்தால் உங்களுக்கு மட்டும் ஆபத்தில்லை. பின்களை மெஷினோடு இணைக்கும் கார்டில் இருக்கும் ரீட் ரிலே (சின்ன ஸ்விட்ச்) கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வரும் போர்டுகள் எல்லாம் காரணமில்லாமல் ஷார்ட் காட்டும்.

கேள்வி: அதே லைனில் ஹைபாட் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும்) ஸ்டேஷனும் இருக்கிறது. அங்கேயும் ரிஸ்ட் ஸ்டிராப் (நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை) கட்டச் சொல்கிறார்கள். சரியா?

தவறு. ரிஸ்ட் ஸ்டிராப்பில் 1 மெகா ஓம் இருக்கிறது. 230 வோல்ட்டில் கை பட்டால் அது கரன்ட்டை 0.23 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். ஹைபாட்டின் 1500 வோல்ட்டில் அந்தக் கணக்கு உதவாது. உங்களை நீங்களே எர்த்தோடு கட்டிவைத்தது போலத்தான். ஹைபாட் ஓடும்போது ஸ்டிராப்பைக் கழற்றிவிட வேண்டும். போர்டு மூடிய இன்சுலேட்டட் பெட்டிக்குள், மூடி திறந்தால் வோல்டேஜ் அறுபடும் இன்டர்லாக், இரண்டு கை பட்டன், சிவப்பு விளக்கு. ஏசி சோதனையில் ஒய் கெபாசிட்டர் (மெயின் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பது) கசிவால் ட்ரிப் ஆகிறது என்று டிசிக்கு மாற்றினால், முடிந்ததும் போர்டில் சார்ஜ் நிற்கும். டெஸ்டர் டிஸ்சார்ஜ் முடித்தேன் என்று காட்டும் வரை மூடியைத் தொடாதீர்கள்.

கேள்வி: பின்களில் ஃபிளக்ஸ் (சோல்டர் செய்யும்போது மிஞ்சும் பிசின்) படிகிறது. ஏர் கன்னால் ஊதலாமா?

ஊதினால் தூசி பின்னின் குழலுக்குள் இறங்கி ஸ்பிரிங் இறுகும், சோல்டர் துணுக்கு கண்ணுக்குப் பறக்கும். வாக்குவம் வைத்து உறிஞ்சியபடியே மென்மையான ஆன்டிஸ்டாட்டிக் பிரஷால் தேயுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பிரஷ் நுனியில் மட்டும் ஈரமாக இருக்கட்டும். அதன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது. பவர் அணைத்து, காய்ந்த பிறகே மெஷினை ஓட்டுங்கள். பின்னுக்கு எண்ணெய் போடவே கூடாது. தேய்த்தும் முனை மழுங்கியிருந்தால் பின்னை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: பாஸ் ஆன போர்டை கறுப்பு கண்டக்டிவ் டிரேயில் வைக்கிறோம். போர்டில் பட்டன் செல் உண்டு. பிரச்சினை வருமா?

வரும். டிரே கரன்ட் கடத்தும். செல் மெல்ல வடியும், கடிகார ஐசி கோளாறாகும். செல்லை ஐசிடிக்குப் பிறகு மாட்டுங்கள், அல்லது டிஸ்ஸிபேட்டிவ் (மிக மெல்லவே கடத்தும்) டிரேக்கு மாறுங்கள். உள்பக்கம் உலோகப் பூச்சுள்ள பையிலும் நேராகப் போடாதீர்கள்.

கேள்வி: ஃபிளையிங் புரோப் மெஷினுக்கு ஃபிக்ஸ்சரே இல்லையே. அது பத்திரம்தானே?

நகரும் தலைகளில் உள்ள ஊசிகளே போர்டைத் தொடுவதால் பின் கூட்டம் இல்லை, சரி. ஆனால் தலைகள் கண் தொடர முடியாத வேகத்தில் பாயும். மூடி திறந்து ஓட்டுவதற்குப் பேச்சே இல்லை. லீனியர் மோட்டார் வைத்த மெஷின் என்றால் உள்ளே வலுவான நிலைக்காந்தங்கள் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் மூடி திறந்த நிலையில் குனிந்து பார்க்கக் கூடாது. உயரமான பாகங்களின் அளவை புரோகிராமில் சரியாகக் கொடுக்காவிட்டால் தலை போய் மோதி, ஊசி முறிந்து தெறிக்கும்.

கேள்வி: ஃபிக்ஸ்சர் மாற்றும்போது ஒரு ஆளே தூக்கிவிடலாமா? 28 கிலோ இருக்கிறது.

வேண்டாம். மெஷின் மேடையின் உயரத்துக்கே நிற்கும் டிராலியில் வைத்து, சக்கர பிரேக் போட்டு, தள்ளி ஏற்றுங்கள். டிராலி இல்லையென்றால் இரண்டு பேர். ஃபிக்ஸ்சரின் அடியில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், இன்டர்ஃபேஸ் பின்கள் அங்கேதான் இருக்கின்றன. குத்தினால் கையும் போகும், வளைந்த பின்னால் அடுத்த ஷிஃப்டும் போகும். பக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள். மோதிரம், கடிகாரம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு எல்லாம் கழற்றிய பிறகு.