வற்றாப்பளைப் பொங்கல் நாளைக் கண்டறிவது: வவுனியாவிலிருந்து கேட்டவருக்கு

பொங்கலுக்கென்று வற்றாப்பளைக்குப் போயும் அங்கே யாருமில்லையே, சரியான நாளை எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளை கண்ணகி அம்மன் ஆலயப் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில்தான் நடைபெறும். விடுமுறை நாளைப் பார்த்துப் புறப்பட்டதால்தான் வெறிச்சோடிய வளாகத்தைக் கண்டிருக்கிறீர்கள்.

நாட்காட்டியில் உள்ள வெசாக் போயாவை (பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை) வைகாசி விசாகம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். 2024இல் பொங்கல் மே 20, வெசாக் மே 23. ஆனால் 2025இல் வெசாக் மே 12இல் முடிந்துவிட, பொங்கல் ஜூன் 9ஆம் திகதியே நடந்தது.

அடுத்த முறை தீர்த்தமெடுத்தல், அதாவது விளக்கெரிக்கக் கடல்நீர் எடுக்கும் சடங்கு, எந்தத் திங்கட்கிழமை என்று முள்ளியவளை ஊரில் யாரிடமாவது கேளுங்கள். அன்று கடலில் எடுக்கும் உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கெரியும். அதற்கடுத்த திங்களே வற்றாப்பளையில் பொங்கல். இயலுமானால் முதல்நாள் ஞாயிறு இரவே காட்டா விநாயகர் பொங்கலுக்கும் செல்லுங்கள், ஏனெனில் அந்த விளக்கையும் அங்கிருந்து வற்றாப்பளைக்குப் புறப்படும் மடைப்பண்டங்களையும் (படையல் பொருட்கள்) காணாமல் வற்றாப்பளைக்கு மட்டும் போவது இவ்விழாவின் பாதியை இழப்பதாகும்.

ஒன்றை மறவாதீர்கள்: பொங்கல் இரவு முழுவதும் நீளும், சனநெரிசலும் மிகுதி. முதியவர்களை அழைத்துச் செல்வதாயின், திரும்பும் பேருந்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.