பாதிப் பணம் முதலில் வரட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனார் கரிகிரியில் மெருகு போட்ட ஜாடி, பூத்தொட்டி செய்கிறார். பெங்களூரில் இருந்து ஒரு டிசைன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "நாங்கள் கைவினைஞர்களைக் கூட்டாளிகளாகத்தான் பார்க்கிறோம்" என்று சொல்லி, அவர்கள் வரைந்த மாதிரியில் 8 அங்குல ஜாடி 300 கேட்கிறார்கள். ஜாடிக்கு 180 ரூபாய், சரக்கு விற்ற பிறகு பணம். மாமனார் சக்கரம் சுற்றுவதை வீடியோவும் எடுத்துப் போனார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்ளலாமா அக்கா?
- ஒரு வாசகி, கரிகிரி

பதில்: நல்லவர்களாகவே இருக்கட்டும் தங்கச்சி, விற்ற பிறகு பணம் என்பதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அப்படியென்றால் அவர்கள் கடை நடத்த உங்கள் மாமனார் கடன் கொடுக்கிறார் என்று அர்த்தம். மண் லோடு, விறகு, மெருகுச் சாமான் எல்லாவற்றுக்கும் இன்றைக்கே காசு வேண்டும், அதற்கு வட்டிக்காரரிடம்தானே போய் நிற்பீர்கள்? உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று 1989 முதல் இருக்கிறது. அது வைத்திருக்கும் 10 கொள்கைகளில் முன்பணமும் உண்டு: கைவினைப் பொருள் வாங்குகிறவர், செய்கிறவர் கேட்டால் குறைந்தது பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்னாலேயே தர வேண்டும். பெங்களூர்க்காரர்கள் அதில் உறுப்பினரோ இல்லையோ, கூட்டாளி என்று சொன்னவர்களிடம் இதைக் கேட்கலாம், தப்பே இல்லை. 300 ஜாடிக்கு 54,000. அதில் 27,000 கைக்கு வந்த பிறகு மண்ணை ஊறப்போடுங்கள்.

அந்த 180 யார் போட்ட கணக்கு? "மாமனார் செய்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, மண்ணில் கல் பொறுக்குவது யார், மிதித்துப் பிசைவது யார், ஜாடியை நிழலில் திருப்பித் திருப்பி வைத்துக் காய வைப்பது யார்? மாமியாரும் நீங்களுமாகத்தான் இருக்கும். அந்தக் கூலி விலையில் இருக்கிறதா? நம் ஊரில் தறி வீடானாலும் பானை வீடானாலும் பெண்கள் செய்கிற வேலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, எனக்கு இதில் தீராத வருத்தம். மூன்று பேருக்கும் நாள்கூலி போடுங்கள். மண், விறகு, வைக்கோல், அட்டைப்பெட்டி போடுங்கள். சூளையில் விரிசல் விடுகிறதையும் சேருங்கள், 300 நல்ல ஜாடி வேண்டுமென்றால் 300 மட்டும் வனைந்தால் போதாது என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய விஷயம். எல்லாம் கூட்டிப் பார்த்து 180 தாண்டினால் தாண்டிய விலையைச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 8 அங்குலம். மண் காய்ந்து வெந்து வருவதற்குள் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், ஈரத்தில் கிட்டத்தட்ட 9 அங்குலம் எழுப்பினால்தான் 8 கிடைக்கும். கையால் வனைகிறது, ஒன்று அரைக்கால் அங்குலம் கூடும், இன்னொன்று குறையும். கை வேலை என்று சொல்லி விற்கிறவர்கள் ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பக் கூடாது, எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொண்ட மாதிரி ஜாடி இரண்டு செய்து அடியில் அவர்கள் கையெழுத்தோடு ஒன்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடியாத்தத்தில் என் சித்தப்பா ஒரு ஏற்றுமதிக்காரருக்கு லுங்கி நெய்துகொடுத்தார். 40 பீஸ் திரும்பி வந்தது, கலர் ஒரு ஷேடு மாறியிருக்கிறதாம். நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்ததே அவர்கள்தான்! எழுத்தில் ஒன்றும் இல்லை, போய்க் கேட்கவும் வழியில்லை. அத்தனையும் பரணில் கிடந்தது, சித்தி ஒவ்வொன்றாக எடுத்துத் தலையணை உறை தைத்தார், மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் அந்த உறையில்தான் தலை வைத்துப் படுப்பேன்.

மீதிப் பணத்துக்குச் சட்டமே இருக்கிறது. ஆதார் வைத்து உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துகொள்ளுங்கள், இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் அதைவிட அதிக நாள் போட்டிருந்தாலும் செல்லாது. தேதி எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதைச் சண்டைக்குப் போகிற மாதிரிச் சொல்ல வேண்டாம், பில்லில் பதிவு எண்ணைப் போட்டு அனுப்புங்கள், புரிந்துகொள்வார்கள்.

இந்த மாதிரியை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்றால் சரி என்று சொல்லலாம், அது அவர்கள் வரைந்தது. மாமனார் காலங்காலமாகச் செய்கிற வடிவத்துக்கும் அதே நிபந்தனை போட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சாப்பாட்டுக் கிண்ணம் கேட்டால் மெருகில் ஈயம் இருக்கிறதா என்று சோதனை செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவு அவர்களுடையது. வீடியோ போடுவதானால் மாமனார் பெயரும் கரிகிரி என்கிற ஊர்ப் பெயரும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: கோலாப்பூரி செருப்புக்குப் புவிசார் குறியீடு இருந்தும் இத்தாலியின் ஃபேஷன் கம்பெனி பிராடா எப்படி அதே போலச் செய்தது?
- ஒரு தோல் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: 2019இல் வாங்கிய குறியீடுதான். ஆனால் அது முக்கியமாகப் பெயரைத்தான் காக்கிறது, அதுவும் நம் நாட்டுக்குள். 2025 ஜூனில் மிலன் ஃபேஷன் ஷோவில் காட்டியபோது அவர்கள் கோலாப்பூர் என்ற பெயரையே சொல்லவில்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைத்தொழிலைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள், கோலாப்பூருக்கு ஆளும் அனுப்பினார்கள். நம் ஆரணிப் பட்டுக்கும் குறியீடு உண்டு. அது இருப்பதாலேயே நெய்கிறவருக்குக் கூலி ஏறிவிடாது, அதற்குச் சங்கமாகச் சேர்ந்துதான் பேச வேண்டும்.

கேள்வி: வேலூரில் ஒரு கடையில் எல்லாவற்றிலும் 'நியாய விலை, நேர்மை' என்று அட்டை தொங்குகிறது. நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். துணியென்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2006 முதல் அரசு கொடுக்கிறது, கைத்தறியில் நெய்தது என்பதற்கு அது சான்று. கூலியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கம்பளமென்றால் குட்வீவ் முத்திரை, குழந்தைத் தொழிலுக்கு எதிராகப் போராடும் கைலாஷ் சத்யார்த்தி 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது, குழந்தைகளை வைத்து நெய்யவில்லை என்பதைத் தறிவரைக்கும் போய்ப் பார்த்துத் தருகிறார்கள். இரண்டும் இல்லாவிட்டால் கடைக்காரரிடமே கேளுங்கள்: இதை யார் செய்தது, எந்த ஊர், அவருக்குப் பணம் எப்போது போனது? முதல் இரண்டுக்கும் மளமளவென்று பதில் வரும். மூன்றாவதற்கு என்ன சொல்கிறார் என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.