பழைய இரசாயனத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் காணி வாங்கினால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலைக்குக் கிட்டக் காணி பார்ப்பதாகச் சொல்லி, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போத்தலில் தண்ணீர் பிடிக்க முதல், அது நிலத்துக்குக் கீழே எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் கிணற்றுக்கு 'குடிக்க உகந்தது' என்று ஒரு அறிக்கை தந்தார்கள். நிம்மதியாக இருந்தோம். பிறகு வாசித்தால் பார்த்தது கடினத்தன்மை, குளோரைட்டு, பக்டீரியா மட்டும். 1950களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. போரோடு 80களில் நின்றது. இந்தத் தொழிலில் அந்தக் காலத்தில் உலகின் பல இடங்களில் பாதரசம் பாவித்தார்கள். இங்கே இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதனைதான் சொல்லவேண்டும். ஆனால் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் யாரும் அதைச் சோதிப்பதில்லை. கொதிக்கவைத்தும் போகாது. குடிநீரில் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 0.006 மில்லிகிராம்.

நிலத்தடித் தண்ணீர் போகும் திசையை அறிய முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகள் போதும். மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயால் மூன்று கிணற்றுக் கட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு ஒப்பிடுங்கள். கட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று நாடாவால் அளந்து கழியுங்கள். மிக உயர்ந்த மட்டத்தையும் மிகத் தாழ்ந்ததையும் கோட்டால் இணைத்து, நடுக்கிணற்றின் மட்டம் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று குறித்து, அந்தப் புள்ளியை நடுக்கிணற்றோடு சேருங்கள். அந்த இரண்டாவது கோட்டுக்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கித் தண்ணீர் போகிறது.

தெற்கே இரணைமடுக் குளம், வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி. ஆகவே வடக்கே போகும் என்று நானும் நினைத்திருந்தேன். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எங்கள் ஒழுங்கையில் மட்டங்கள் மாறின. பக்கத்தில் பெரிய மோட்டர் ஓடினாலும் தண்ணீர் அந்தப் பக்கம் இழுபடும். அதனால் மாரியிலும் கோடையிலும் அளக்கவேண்டும்.

வேகத்தையும் யோசியுங்கள். 500 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவு, நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீற்றரான மணல் (சரிவு ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால் கடத்தும் அளவு அது), மணலின் கனவளவில் கால்பங்கு இடைவெளி என்றால் தண்ணீர் வருடத்துக்குச் சுமார் 29 மீற்றர் நகரும். களியில் இது மிகமிகக் குறைவு. பாதரசம் மண்ணில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை விடப் பிந்தித்தான் வரும். அதனால் ஒருமுறை சுத்தமாக வந்த முடிவை எப்போதைக்குமாக எடுக்கவேண்டாம். தொழிற்சாலையிலிருந்து உப்புக்கரைசல் கசிந்திருந்தால் அது கனமானது, கீழே இறங்கும். மேல் தண்ணீர் நன்றாயிருக்க ஆழக் குழாய்க்கிணறு உவராக இருக்கலாம்.

மாதிரி எடுக்கும்போது தேங்கின தண்ணீரை முதலில் இறைத்துவிடுங்கள். பாதரசத்துக்குக் கண்ணாடிப் போத்தல் நல்லது. அமிலம் சேர்த்த போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலையை நோக்கித் தண்ணீர் வருகிற பக்கத்துக் கிணறு ஒன்றிலும் எடுங்கள். ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

எங்கள் ஒழுங்கையின் பதினொரு கிணறுகளின் மட்டமும் கொப்பியில் வைத்திருக்கிறேன். காணி வீதிக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.